மாத்திரையோடு நல்ல எண்ணெயும் பேச்சாளையும்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து, மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி எனக் கரையோர ஊர்களில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. இதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அவற்றோடு சொல்லப்படும் உணவு அறிவுரை பெரும்பாலும் "உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள்" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. உப்பைப் பற்றிச் சொல்வது முற்றிலும் சரி. எண்ணெயைப் பற்றிச் சொல்வது போதாது என்பதாலேயே இம்மடலை எழுதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டில், இதயநோய் வரும் வாய்ப்பு மிகுந்த 7,447 பேரிடம் பிரெடிமெட் என்ற ஆய்வு நடந்தது. காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த மத்தியதரைக் கடல் உணவுமுறையைப் பின்பற்றியவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆலிவ் எண்ணெயும், மற்றொரு பிரிவினருக்கு வால்நட், பாதாம் போன்ற கொட்டைகளும் வழங்கப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை கூறப்பட்டது. சுமார் ஐந்து ஆண்டுகளில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை முதல் இரு பிரிவினரிடம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தன. 2013இல் வெளியான அந்தக் கட்டுரை, ஆட்களைப் பிரித்த முறையில் இருந்த குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டு, 2018இல் மறுபடி கணக்கிட்டு வெளியிடப்பட்டபோதும் முடிவு பெரிதும் மாறவில்லை. ஏற்கெனவே இதயநோய் உள்ள 1,002 பேரை ஏழு ஆண்டுகள் கவனித்த, ஸ்பெயினின் கோர்டோபா நகர ஆய்வும், கொழுப்பு குறைந்த உணவைவிட இம்முறையே மேல் என்று 2022இல் தெரிவித்தது. அந்த நோயாளிகளின் கழுத்து இரத்தக் குழாய்ச் சுவரின் தடிப்பும் குறைந்திருந்தது.

இரத்தக் குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து அழற்சியை மூட்டும்போது அந்தப் படலம் பழுதடைந்து, கொழுப்புப் படிவு வளர்கிறது. நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல். அளவை ஏற்றும், அதன் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பைச் சேர்த்தால் அது இறங்கும். ஆகவே எவ்வளவு எண்ணெய் என்பதோடு எந்த எண்ணெய் என்றும் கேட்டாக வேண்டும். ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஆலிவ் எண்ணெயின் குணமெல்லாம் இவற்றில் உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆலிவ் எண்ணெய் வாங்க இயலாத குடும்பத்துக்குக் கைக்கெட்டும் மாற்றம் இதுதான்.

மீனைப் பொறுத்தவரை நாம் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. குழம்பு ஆறியதும் மேலே எண்ணெய் மிதக்குமளவு கொழுப்புள்ள பேச்சாளையில் (மத்தி மீனில்) ஒமேகா 3 என்ற நிறைவுறாக் கொழுப்பு நிறைந்திருக்கிறது. விலை மலிவு என்ற ஒரே காரணத்தால் விருந்தாளிக்குப் பரிமாறக் கூச்சப்படும் இந்த மீன், மீன்பாடு அதிகமுள்ள நாட்களில் ஐஸ் பெட்டிகளில் லாரி ஏறி வெளியூருக்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டில் சமைத்தாலும் பாமாயிலில் முறுகப் பொரித்துவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு கைகொடுக்கிறது. ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதன் உப்பே பகையாகிறது.

எனவே, மாத்திரை கொண்டுவரும் பணியாளர்கள் நம் ஊர்ப் பேச்சில், பேச்சாளைக் குழம்பு, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, ஒருவேளைச் சோற்றுக்குப் பதில் குதிரைவாலி, கைப்பிடி வேர்க்கடலை என்று பெயர் சொல்லி விளக்கும்படி பயிற்சி தாருங்கள். மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பச்சை மீன், கடலோரம் இல்லாத கமுதி, முதுகுளத்தூர் வரை நியாய விலையில் சென்றடைய வழி செய்யுங்கள். ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் வழங்க அரசுக்குப் பரிந்துரையுங்கள். இவற்றை மண்டபம் வட்டாரத்திலாவது தொடங்கி, ஓராண்டு கழித்து நோயாளிகளின் இரத்த அழுத்தமும் எல்.டி.எல். அளவும் எப்படி மாறின என்ற மொத்தக் கணக்கைப் பொதுவில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மண்டபம்