முதல் பேட்ச் வந்து சேரும் முன்பே பாடத்துக்கு முத்திரை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த பருவத்தில் தொடங்கவிருக்கும் இணையவழிப் பாடங்களுக்கான விதிமுறைகளை அனுப்பியிருந்தீர்கள். எட்டு வாரத்துக் காணொளிகளும் பதிவாகி, உங்கள் ஒப்புதலும் கிடைத்த பிறகுதான் சேர்க்கை தொடங்கும் என்பது அதில் முதல் விதி. போன பருவத்தில் இதே விதிப்படி அடிப்படைப் புள்ளியியலை முதன்முறையாக இணையத்தில் நடத்தியவன் நான். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதக் காரணம், இந்தமுறை இதில் மாட்டப்போவது வேறு ஆசிரியர்கள்.

விதியின் நியாயம் புரியாமல் இல்லை. ஆசிரியருக்குப் பாதியில் உடம்பு சரியில்லாமல் போனால்? ஐந்தாம் வாரப் பாடம் தயாராகாமல் மாணவர்கள் காத்துக் கிடந்தால்? சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வாரம் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் அளவை. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துக் கூட்டினால், மிகையும் குறையும் அடிபட்டு எப்போதும் பூஜ்ஜியம்தான் வரும், அதனால் வர்க்கப்படுத்துகிறோம் என்று காணொளியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சூத்திரத்துக்குப் போய்விட்டேன். அன்று இரவே ஒரு மாணவி எழுதியிருந்தார்: "குறைக்குறிதான் தொல்லை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கூட்டலாமே சார், எதற்கு வர்க்கம்?"

அருமையான கேள்வி. அப்படிக் கூட்டிச் சராசரி எடுப்பதும் ஒரு அளவைதான், சராசரி விலக்கம் என்று அதற்குப் பெயரே உண்டு. வர்க்கப்படுத்தினால் தூரத்தில் கிடக்கும் எண்ணின் குரல் இன்னும் ஓங்கிக் கேட்கும். விலகல் 2 என்றால் 4, விலகல் 10 என்றால் 100. அது சில இடத்தில் நல்லது, சில இடத்தில் ஏமாற்றும். இதை வைத்தே அரை மணி நேரம் பேசலாம். வகுப்பறையாக இருந்தால் இரண்டாவது பெஞ்சில் ஒரு நெற்றி சுருங்கியிருக்கும், நானும் அங்கேயே நின்றிருப்பேன். கேமராவுக்கு நெற்றி கிடையாது.

அதே கேள்வியை அப்புறம் இன்னும் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். அந்தப் பகுதியை மட்டும் மாற்றிப் பதிவு செய்கிறேன் என்றேன். மறு ஒப்புதலுக்கு நான்கு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. அதற்குள் பாடம் ஆறாம் வாரத்துக்குப் போயிருக்கும். வேறு வழியில்லாமல் தினமும் இரவில் செல்போனில் பேசி அனுப்பினேன், பின்னால் மின்விசிறி ஓடும் சத்தத்தோடு. பாடம் முடிந்ததும் மாணவர்கள் உதவியாக இருந்தது என்று சொன்னது அதைத்தான். ஸ்டூடியோவில் மூன்று முறை திருப்பித் திருப்பி எடுத்த காணொளிகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் காணொளிகள் பார்க்கப்பட்ட 69 லட்சம் தடவைகளை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம், அதாவது பார்த்த நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரம், 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆசிரியர் நேரில் பேசுவதுபோல எளிமையாக எடுத்தவை, செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்தவற்றைவிட மாணவர்களை அதிகம் ஈர்க்கக்கூடும் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். நம் விதியோ 50 நிமிடக் காணொளி கேட்கிறது, அதுவும் ஸ்டூடியோவில்.

எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தால் விபத்து நடக்காது என்பதும் உண்மையில்லை. 2013 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஒரு பாடம் தொடங்கியது. பாடமே இணையவழிக் கல்வியைத் திட்டமிடுவது பற்றித்தான்! 40,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். குழு பிரிப்பதற்காக ஒரு கூகுள் விரிதாளில் பெயர் எழுதச் சொன்னார்கள். அப்போது அதில் ஒரே சமயத்தில் 50 பேர்தான் எழுத முடிந்தது. முதல் வாரத்திலேயே பாடத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. நூறு பேரை வைத்து ஒரு மாலை ஒத்திகை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். காணொளியை நூறு முறை சரிபார்த்தாலும் தெரிந்திருக்காது.

முதல் பேட்சில் முப்பது பேர் போதும். முதல் இரண்டு வாரம் மட்டும் முழுதாகத் தயாராக இருக்கட்டும். மீதி ஆறு வாரத்துக்கும் பாடக்குறிப்பும் பயிற்சிக் கணக்குகளும் முன்பே உங்களிடம் கொடுத்துவிடுகிறோம். ஆசிரியர் படுத்துவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்த அது போதும். பாடத்தை நேரலையில் நடத்துகிறோம். யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று தெரிந்த பிறகு ஒளிப்பதிவுக்கு வருகிறோம். அப்போது நீங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் சரிபாருங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான்: மாணவர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நேரத்தையும் பணிநேரத்தில் சேருங்கள். இப்போதைக்கு அந்த வேலை நடப்பதாகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

என் இரண்டாம் வாரக் காணொளி இன்னும் பழையபடியேதான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் அதைப் போட்டுக் காட்டுகிறேன். அந்த மாணவி எழுதியதையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
அடிப்படைப் புள்ளியியல் ஆசிரியர்