கழற்றிய பிரேக் பேடு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரேக்கை மிதித்தால் கீச்சிடுகிறது என்று சொல்லித்தான், கார் வாங்கிய நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவில் வண்டியை விட்டேன். பில்லில் நான் கேட்காத ஏ.சி. கிருமிநீக்கம், இன்ஜின் கோட்டிங், அவற்றுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் இருந்தன. கீச்சொலியும் இருந்தது! பிரேக் பேடு மாற்றியதாகவும் எழுதியிருந்ததால், கழற்றிய பழையதைக் காட்டச் சொன்னேன். "குப்பையில் போட்டுவிட்டோம் சார்" என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். பாவம், அவர் என்ன செய்வார்? மேலாளர் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. மறுநாள், பத்துக்குப் பத்து மதிப்பெண் தரும்படி தொலைபேசியில் கெஞ்சுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்திருக்கிறேன். கழற்றிய பாகத்தைக் காட்டாமல் பில் போடக் கூடாது என்று அரசு உத்தரவிட வேண்டும்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை