டிக் தளம் விழுந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்களே செய்தியைத் தேர்ந்தெடுக்கும் இணையதளங்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிக் (Digg) தளம் போட்டியில் தோற்றது என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அதில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் என் மனம் ஒப்பவில்லை.

2004-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் யாரோ ஒருவர் ஒரு செய்தியின் சுட்டியை (இணைப்பை) போடுவார். பிடித்தவர்கள் 'டிக்' அழுத்துவார்கள், பிடிக்காதவர்கள் 'பரி' (bury) பொத்தானால் புதைப்பார்கள். வாக்கு சேரச் சேரச் செய்தி முதல் பக்கத்துக்கு ஏறும். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் நான் போட்ட ஒரு சுட்டிக்கு இருபது வாக்கு விழுந்ததே எனக்குப் பெருமையாக இருந்தது. முகம் தெரியாத இருபது பேர் நான் காட்டியதைப் படித்திருந்தார்கள் அல்லவா?

2007 மே மாதம், எச்டி டிவிடி என்ற திரைப்பட வட்டுகளின் நகல் தடுப்புப் பூட்டைத் திறக்கும் எண் இருந்த பதிவுகளை நிர்வாகம் நீக்கியது. உறுப்பினர்கள் அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டு முதல் பக்கத்தையே நிறைத்துவிட்டார்கள். கடைசியில் நிறுவனர் கெவின் ரோஸ் நீக்குவதை நிறுத்தினார். 2010-இல் வந்த நான்காம் பதிப்பிலோ 'பரி' பொத்தான் போயிற்று. பெரிய ஊடகங்களின் செய்திகள் தாமாகவே உள்ளே வந்தன. கொதித்த உறுப்பினர்கள் போட்டித் தளமான ரெடிட்டின் சுட்டிகளால் முதல் பக்கத்தை நிரப்பினார்கள். பலர் அங்கேயே குடிபெயர்ந்தார்கள். 2012-இல் டிக் துண்டு துண்டாக விற்கப்பட்டது.

வாக்குரிமையைக் குறைத்ததும் ஆட்கள் போனார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்