ஆலிவர் குடும்பமும் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்மோக்கி மலைகள் குறித்து ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கில் உள்ள ஜான் ஆலிவர் வீட்டை 'ஆளில்லாக் காட்டில் எழுந்த வீடு' என்கிறது. இது பிழை. ஜானும் அவர் மனைவி லுக்ரீஷியாவும் 1818-ல் குடியேறியபோது அது செரோக்கி என்ற பழங்குடி மக்களின் நிலம். அந்நிலத்தை அமெரிக்க அரசுக்கு மாற்றிய கல்ஹூன் ஒப்பந்தம் 1819-ல்தான் கையெழுத்தானது. முதல் குளிர்காலத்தில் பட்டினியிலிருந்து தங்களைக் காத்தது செரோக்கியர் கொடுத்த பரங்கி வற்றல் என்று ஆலிவர் வம்சத்தாரே வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். செரோக்கியரில் பெரும்பாலோரை 1838-ல் ராணுவம் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டியது.

வீட்டைப் பற்றிக் கட்டுரை 'எளிமையானது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. 1820-களின் தொடக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு இன்றும் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. அடிக்கட்டை மண்ணில் பட்டால் ஈரம் ஏறி உளுத்துவிடும் என்பதால் கல் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். மூலைகளில் ஆணியோ முளையோ இல்லை. கட்டைகளின் முனையில் வாய் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று உட்காரவைத்தால் பாரமே பூட்டிக்கொள்ளும். அந்த வெட்டு வெளிப்பக்கம் சரிந்திருந்தால் மழைநீர் வடிந்துவிடும். உட்பக்கம் சரிந்தால் நீர் தேங்கி மூலைதான் முதலில் கெடும். பச்சைக்கட்டை காயக் காய இடைவெளி விரியும், பூசிய களிமண் உதிரும். மறுபடி பூசாவிட்டால் குளிர்காற்று உள்ளே வரும். கதவும் சன்னலும் சிறியவை: சூடு தங்கும், சுவரின் வலுவும் குறையாது.

உழவுக்குக் காட்டைத் திருத்தியதும் கவனிக்க வேண்டியது. பெருமரங்களை எல்லாம் வெட்டிச் சாய்க்க ஆள்பலம் ஏது? அடிமரத்தைச் சுற்றிப் பட்டையைச் சீவிவிட்டால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். வெயில் விழுந்த இடத்தில் மக்காச்சோளம் ஊன்றலாம். பட்ட கிளைகள் முறிந்து விழும் ஆபத்து மட்டும் சில ஆண்டுகள் இருக்கும்.

இந்த ஊரை ஆலிவர் குடும்பம் தனியே உருவாக்கவில்லை. 1821-ல் வில்லியம் டிப்டன் பெரும்பரப்பை வாங்கித் தம் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் விற்றார். பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி சதுப்பு. 1825-ல் வந்த பீட்டர் கேபிள் கரைகளும் மதகுகளும் அமைத்து நீரை வடித்த பிறகே அங்கு உழ முடிந்தது. 1850-ல் 685 பேர் வாழ்ந்தார்கள்.

'பிறகு மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள்' என்ற வரிதான் மிகவும் வருத்தியது. அவர்களாகப் போகவில்லை. ஸ்மோக்கி மலைகளில் அமையவிருந்த தேசியப் பூங்காவுக்காக வீடுகள் பறிக்கப்பட மாட்டா என்று பூங்காவை அமைக்க முனைந்தவர்கள் முதலில் உறுதி சொன்னார்கள். 1927-ல் டென்னசி சட்டமன்றம் கட்டாயக் கையகப்படுத்தலுக்கு வழிசெய்தது. ஜானின் கொள்ளுப்பேரன் ஜான் டபிள்யூ. ஆலிவர் பல ஆண்டுகள் வழக்காடித் தோற்று, 1937-ல் வெளியேறினார். அதன்பின் பலகை வைத்துக் கட்டிய பிற்கால வீடுகள் பலவற்றைப் பூங்கா நிர்வாகம் இடித்துவிட்டு மரக்கட்டை வீடுகளைக் காத்தது. அங்கே போகிறவர்கள், மக்கள் கடைசிவரை இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று நினைப்பதற்கு இதுவே காரணம்.

அந்த வீட்டின் படத்தை மீண்டும் வெளியிட்டால், கீழ்க்குறிப்பில் 1819, 1937 ஆகிய இரண்டு ஆண்டுகளையும், அவற்றில் யார் நிலம் இழந்தார்கள் என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், நாக்ஸ்வில், டென்னசி