ஒரே எழுத்துப் பிழையுடன் பத்தொன்பது பதிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாரியில் ஓர் இரவு, மட்டக்களப்பு மாவட்டத்தில் கிரானுக்கு அப்பால் உள்ள எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) காவலுக்கு நின்ற தம்பியை அழைத்துவரப் புலிபாய்ந்தகல் வீதியால் போக முடியுமா என்று அறிய வேண்டியிருந்தது. அவருடைய கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. மழை காலத்தில் அந்த வீதியை வெள்ளம் குறுக்கறுத்து ஓடுவதும், பின்னர் மக்கள் படகை நம்பிப் போய்வருவதும் இம்மாவட்ட வாசகர்கள் அறிந்தவையே. முகநூலையும் வாட்ஸ்அப் குழுக்களையும் திறந்து பார்த்தேன். "வாண்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்ற ஒரே வாசகம் விடிவதற்குள் பத்தொன்பது பேரிடமிருந்து வந்து சேர்ந்தது. எந்தக் குளத்தின் வான்கதவு, எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எத்தனை அடி உயர்த்தினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. 'வான்கதவு' என்பதற்கு மூன்று சுழி 'ண' இட்ட முதலாமவரின் பிழை மட்டும் பத்தொன்பதிலும் அப்படியே இருந்தது. அவர்களுள் ஒருவராவது அந்த வரியைத் தாமே தட்டச்சுச் செய்திருந்தால் ஓரிடத்திலாவது அது திருந்தியிருக்கும்.

எனக்கு உதவியது, அப்பக்கத்தில் உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞர் ஒருவர் நள்ளிரவுக்குப் பின் அனுப்பிய குரற்பதிவு. "அண்ணே, மதகுக்கிட்ட முழங்காலுக்கு மேல தண்ணி நிக்குது, இழுவையும் கூட. மிசின் வரும், மோட்டார் சைக்கிள் வராது." அவ்வளவுதான் அவர் சொன்னார். அவர் அங்கே நின்றார், கண்ணால் கண்டார், கண்டதைச் சொன்னார். அதை நம்பித்தான் தம்பியை அழைத்து வந்தோம்.

செய்தியைப் பகிர்வது தவறென்று நான் எழுதவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையையும் ஓர் எழுத்தும் மாற்றாமல், நேரத்தோடும் மூலத்தோடும் அனுப்புவதே முறை. அவசரத்துக்கு அழைக்கும் 117 என்ற இலக்கத்தை ஆயிரம் பேர் பகிர்ந்தாலும் நன்மைதான். என் மனத்தை உறுத்துவது, பிறர் எழுதியதை எடுத்துத் தம் பெயரின் கீழ் இட்டுக்கொள்ளும் வழக்கம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முன்னனுப்பினால் அது முன்னனுப்பப்பட்டது என்ற அம்புக்குறி கூடவே வரும். பலமுறை கைமாறிய செய்தியென்றால் 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மாத்திரமே அனுப்ப முடியும். அதையே நகலெடுத்து ஒட்டிவிட்டாலோ குறியும் மறைகிறது, கட்டுப்பாடும் கழன்றுவிடுகிறது. வாசிப்பவர், இன்னார் தம் ஊரில் கண்டதை எழுதுகிறார் என்றே எண்ணிக்கொள்கிறார்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை எமது அயல் மாவட்டம் கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதையை, அந்தத் தட்டைக் கண்ணாலும் காணாதவர்கள் கைக்குக் கை பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்ட பிறகே, அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அவ்வாண்டு நிகழ்ந்த வன்முறையில் தமது தளத்துக்கு இருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. கதையை ஒட்டிப் பரப்பியவர்களில் எத்தனை பேர் தமது பதிவைத் திருத்தி எழுதினார்கள்?

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தபோது நான் பாடசாலைச் சிறுவன். அதைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றுள் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒருவர் கூரைத் தகரம் பறந்து எந்த வளவில் விழுந்தது என்பார்; இன்னொருவர் காற்று திசைமாறிய நேரத்தைச் சொல்வார்; என் அப்பாச்சி, நெல்மூட்டைகளுக்கு நடுவில் பிள்ளைகளை இருத்திச் சீலையால் மூடியதைச் சொல்வார். அவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அந்த இரவு என் மனத்தில் முழுமையானது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கிய நாட்களிலோ ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி இருந்தும், எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே நான்கைந்து படங்களும் ஒரே இரங்கல் வசனமுமாகவே இருந்தன. எங்கள் ஊர் மதகடியில் நீர் எவ்வளவு நின்றது என்று நாளை என் பேரப்பிள்ளை கேட்டால், அவற்றில் தேடிச் சொல்ல ஒன்றும் கிடையாது.

ஆதலால் முகநூலில் எழுதும் எம்மவரிடம் நான் கேட்பது சிறியது. பிறருடைய செய்தியைப் பகிரும்போது அது யாருடையது என்று ஒரு சொல் எழுதுங்கள். அதன் கீழ், உங்கள் வாசலில் நின்று நீங்கள் கண்டதை ஒரு வரி சேருங்கள். வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டிய பின் உங்கள் பக்கம் ஆற்றுநீர் எவ்வளவு வடிந்தது, குருமண்வெளிப் பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவை) ஓடுகிறதா, வெள்ளாமை எத்தனை நாள் தண்ணீருக்குள் கிடக்கிறது என்பதை அங்கிருப்பவரே அறிவார்.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முகநூலிலிருந்து எடுத்த படத்தை 'இணையப் படம்' என்று மட்டும் குறித்து அச்சிடும் பழக்கத்தை விட்டு, எடுத்தவர், இடம், நாள் ஆகிய மூன்றும் தெரிந்தால் மாத்திரம் பிரசுரியுங்கள். அடுத்த மாரிக்கு முன்னரே, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வாசகர்கள் நேரில் கண்டு எழுதும் குறிப்புகளுக்கென்று உங்கள் பத்திரிகையில் கால்பக்கம் ஒதுக்குவீர்களாயின், அந்த இளைஞரைப் போன்றவர்களிடம் எழுதித் தரும்படி நானே போய்க் கேட்பேன்.

இப்படிக்கு,
படுவான்கரை விவசாயி ஒருவர்,
மட்டக்களப்பு.