ரெக்ஸம் இல்லைடா, அபெரிஸ்ட்வித்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மீனா சொன்னாள், நான் விசாரித்ததாகச் சொல். இத்தனை மாதம் பதில் போடாததற்கு நீ என்னவெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும், திட்டியதெல்லாம் வந்து சேர்ந்தது.

நீ கடைசியாக அனுப்பியது ஒரே வரி: "மாப்ள, உன் ஊர் டீம் மூணாவது வருஷமா மேலே ஏறிடுச்சாமே, ரயன் ரெனால்ட்ஸைப் பார்த்தியா?" இதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபம் ஆறுவதற்கே இத்தனை நாள் ஆனது. நீ சொல்வது ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் வாங்கிய ரெக்ஸம் கால்பந்து டீமை. ரெக்ஸம் என் ஊர் இல்லை. வேல்ஸ் என்றால் ஒரே தெரு என்று நினைத்துவிட்டாயா? இங்கிருந்து காரில் மலை சுற்றிப் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரயிலில் என்றால் இங்கிலாந்துக்குள் நுழைந்து ஷ்ரூஸ்பரியில் வண்டி மாறி, மறுபடி வேல்ஸுக்குள் வர வேண்டும். என் ஊர் டீமின் பெயர் அபெரிஸ்ட்வித் டவுன். அது மேலே ஏறவில்லை. இறங்கிவிட்டது. நீ ரெக்ஸத்துக்காக விசிலடித்த அதே சீசனில்!

உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் 1992-க்குப் போக வேண்டும். அதுவரை வேல்ஸுக்கென்று தேசிய லீக்கே கிடையாது. கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம் எல்லாம் எப்போதும்போல இங்கிலாந்து லீக்கில், மற்றவை வடக்கில் கொஞ்சம், தெற்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தன. வேல்ஸ் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆலன் எவன்ஸுக்கு ஒரு பயம். பிரிட்டனில் நான்கு தனித்தனி தேசிய அணிகள் எதற்கு, ஒன்று போதாதா என்று வெளிநாட்டுக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சொந்த லீக் கூட இல்லாத நாட்டுக்குத் தனி அணி எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அதனால் 20 கிளப்புகளோடு லீக் ஆஃப் வேல்ஸைத் தொடங்கினார். இப்போது அதன் பெயர் கம்ரி பிரீமியர், 2025-26 வரை 12 கிளப்புகள். அந்த 20-இல் ஒரு முறைகூட இறங்காமல் கடைசிவரை நின்றவை இரண்டே இரண்டு: எங்கள் அபெரிஸ்ட்வித், அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் நியூடவுன். 33 சீசன். 2025-இல் இரண்டும் சேர்ந்து கடைசி இரண்டு இடத்தில் வந்து சேர்ந்தே விழுந்தன. விழுந்த பிறகாவது ஒன்றாக இருக்குமா என்றால் அதுவும் இல்லை, இரண்டாம் அடுக்கு வடக்கு தெற்கு என்று பிரிந்திருப்பதால் அவர்கள் வடக்கே, நாங்கள் தெற்கே.

பக்கத்து வீட்டுப் பெரியவர், அதுதான் உன்னிடம் போனில் "வணக்கம்" சொன்னாரே, அவர் முதல் சீசனிலிருந்து பார்க்கிறவர். இறங்கியது உறுதியானதும் அழுவார் என்று நினைத்தேன். "நல்லது, இனி ஓஸ்வெஸ்ட்ரிக்குப் போய் ஐந்து கோல் வாங்க வேண்டாம்" என்றார். பிறகு இரண்டு வாரம் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

ஓஸ்வெஸ்ட்ரி என்றதும் அங்கே இருக்கிற டிஎன்எஸ் டீமின் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பாய். வேல்ஸில் லான்சான்ட்ஃப்ரைட் என்ற கிராமத்து டீம். 1997-இல் ஸ்பான்சர் செய்த கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயரையே கிளப்புக்கு வைத்துவிட்டார்கள், டோட்டல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். அப்புறம் ஓஸ்வெஸ்ட்ரி டவுனோடு இணைந்தார்கள். 2006-இல் கம்பெனியை விற்றாகிவிட்டது, பெயர் போய்விட்டது, ஆனால் டிஎன்எஸ் என்ற மூன்று எழுத்தை விட மனசில்லாமல் தி நியூ செயின்ட்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். மைதானம் இருப்பது இங்கிலாந்து மண்ணில். வேல்ஸ் சாம்பியன் இங்கிலாந்தில் குடியிருக்கிறார்! 2025 வரை 17 பட்டம். 2016-இல் தொடர்ந்து 27 ஆட்டம் ஜெயித்து, அயாக்ஸ் 1972-இல் வைத்த 26 என்ற உலக சாதனையை உடைத்தார்கள். 2024-இல் ஐரோப்பிய கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரதானச் சுற்றுக்குள் போன முதல் வேல்ஸ் லீக் கிளப்பும் அவர்கள்தான், கஜகஸ்தானின் அஸ்தானாவை 2-0 என்று அடித்தார்கள். அன்றைக்கு டிவி முன்னால் நானும் கத்தினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது பார். அவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள், மற்ற கிளப்புகளில் பெரும்பாலும் பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பயிற்சிக்கு வருகிறவர்கள். ஐரோப்பாவுக்குப் போனால் பணம், பணம் இருந்தால் மறுபடி சாம்பியன், சாம்பியனானால் மறுபடி ஐரோப்பா. இடையில் எங்களைப் போன்றவர்கள் எங்கே நுழைவது? இதில் கார்டிஃப், ஸ்வான்சி, ரெக்ஸம், நியூபோர்ட் நான்கும் இங்கிலாந்து லீக்கிலேயே இருந்துகொண்டு, வேல்ஸ் லீக் கோப்பை வழியாக ஐரோப்பாவுக்குப் போகலாம் என்று ஒரு திட்டம் வேறு 2025-இல் பேச்சில் இருந்தது. அதனால் சின்ன கிளப்புகளுக்கும் பணம் வரும் என்றார்கள். வரட்டும், பார்ப்போம்.

சரி, ரெக்ஸம். நான் பொறாமையில் பேசுகிறேன் என்றுதானே நினைப்பாய். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்த நடிகர்கள் வந்த கதை மட்டும் உனக்குத் தெரிகிறது, அதற்கு முன்னால் நடந்தது தெரிவதில்லை. 1864-இல் ஆரம்பித்த கிளப். 2011-இல் கையில் காசில்லாமல் மூடப்போகிற நிலை, சீசன் தொடங்க லீக் கேட்ட உத்தரவாதத் தொகைக்காக ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். அதற்குப் பிறகு பத்து வருஷம் கிளப் ரசிகர்களின் கையில். 2020-இல் ரெனால்ட்ஸும் மெக்கல்ஹென்னியும் கேட்டபோது, கொடுக்கலாமா என்று ஓட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள், 98 சதவீதத்துக்கு மேல் சம்மதம். வாங்கியவர்களும் வாக்குத் தவறவில்லை, 2023, 24, 25 மூன்று வருஷமும் புரமோஷன். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. நீ எழுதினாயே, "உங்க ஊருக்கும் ஒரு பணக்காரனைப் பிடிங்கடா" என்று, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

பணக்காரன் வந்த ஊர்களைச் சொல்கிறேன், கேள்.

பாங்கர் சிட்டி. 1876-இல் பிறந்தது. 1962-இல் இத்தாலியின் நாப்போலியை சொந்த மைதானத்தில் 2-0 என்று ஜெயித்த கிளப். அங்கே போய் 3-1 தோற்றார்கள், சமமானால் வெளியூரில் போட்ட கோலைப் பார்த்து முடிவு செய்யும் விதி அப்போது கிடையாது, லண்டனில் மூன்றாவது ஆட்டம் வைத்து 2-1 என்று தோற்றுத்தான் வெளியேறினார்கள். 2011-இல் கடைசி நாள் ஆட்டத்தில் டிஎன்எஸ்ஸை 1-0 என்று அடித்து லீக்கை வென்றார்கள். அந்த ஃபாரர் ரோடு மைதானம் இருந்த இடத்தில் இன்று ஆஸ்டா சூப்பர்மார்க்கெட். அப்புறம் கிளப் கை மாறியது, மறுபடி மாறியது. 2018-இல் லைசென்ஸ் கிடைக்காமல் கீழே தள்ளப்பட்டார்கள். அதன் பிறகு ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி, சஸ்பென்ஷன், 2022-இல் லீக்கிலேயே இல்லை. நாப்போலியை ஜெயித்த கிளப் சம்பளம் கொடுக்க முடியாமல் போனது. படிக்கும்போது உனக்கு என்னவோ போல இல்லையா? எனக்கு இருந்தது.

பாரி டவுன். ஏழு முறை சாம்பியன். 2001-இல் போர்ட்டோவிடம் அங்கே 8-0 வாங்கிவிட்டு, இங்கே வந்ததும் 3-1 என்று திருப்பிக் கொடுத்தவர்கள். (8-0 வாங்கிய பிறகும் அடுத்த வாரம் ஆடி ஜெயிக்கிற மனசு இருக்கிறதே, அதற்குத்தான் நான் இந்த லீக்கைப் பார்க்கிறேன்.) இரண்டே வருஷத்தில் பணம் தீர்ந்தது. 2013-இல் உரிமையாளர் சீசன் முடிவதற்குள் டீமையே லீக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். ரசிகர்கள் விடவில்லை, ஹைகோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, அடிமட்ட டிவிஷனிலிருந்து பாரி டவுன் யுனைடெட் என்று தொடங்கி 2017-இல் மேலே வந்து சேர்ந்தார்கள்.

ரில் 2020-இல் மூடியது. நீத் அதற்கும் முன்னாலேயே. லானெல்லி 2013-இல் கடனில் மூழ்கியது. 2008-இல் சாம்பியனாக இருந்தவர்கள்!

இன்னொரு கூட்டம் உண்டு, இங்கிலாந்து லீக்கை விட்டு வரமாட்டோம் என்று 1992-இல் முரண்டு பிடித்த எட்டு கிளப்புகள். பத்திரிகைக்காரர்கள் அவர்களுக்கு ஐரேட் எய்ட் (கோபக்கார எட்டு) என்று பெயரே வைத்தார்கள். வராதவர்கள் வேல்ஸ் மண்ணில் ஆடக்கூடாது என்று தடை. நியூபோர்ட்காரர்கள் சொந்த ஊர் ஆட்டத்தை இங்கிலாந்தில் குளோஸ்டரில் ஆடினார்கள், கார்னார்வன்காரர்கள் மான்செஸ்டர் பக்கம். தன் வீட்டு ஆட்டத்துக்குப் போக எல்லை தாண்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பார். கடைசியில் கோர்ட் அந்தத் தடை செல்லாது என்றது. கார்னார்வன் திரும்பி வந்து, 2024-இல் முதல் முறையாக ஐரோப்பாவில் ஆடி, பெல்ஃபாஸ்ட்டின் குரூஸேடர்ஸை பெனால்டியில் 8-7 என்று வீழ்த்தியது. அந்த எட்டில் ஒன்றான கோல்வின் பே 2019-இல்தான் மனசு மாறி வேல்ஸுக்கு வந்தது.

இப்போது கேள். 2025-26 சீசனில் நாங்களும் நியூடவுனும் காலி செய்த இரண்டு இடத்துக்கும் வந்தவர்கள் யார் தெரியுமா? கோல்வின் பே, லானெல்லி. வரமாட்டேன் என்று அடம்பிடித்தவனும், செத்துப் பிழைத்தவனும். முதல் நாளிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்த நாங்கள் வெளியே. நம்ம காலேஜ் ஹாஸ்டல் மெஸ் மாதிரி இருக்கிறது, பாஸ்கரனைத் தவிர எல்லாருக்கும் இரண்டாவது ஆம்லெட் கிடைக்கும்.

பாங்கரும் சாகவில்லை என்று சொல்ல மறந்தேன். பழைய கிளப் நாறிக்கொண்டிருந்தபோதே, 2019-இல் ரசிகர்கள் தனியாகப் போய் பாங்கர் 1876 என்று ஆரம்பித்து, கீழிருந்து ஏறி இரண்டாம் அடுக்கு வரை வந்துவிட்டார்கள்.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அபெரிஸ்ட்வித் வேல்ஸ் கோப்பையை வென்றது ஒரே முறை, 1900-இல். அந்த டீமின் கோல்கீப்பர் லீ ரிச்மண்ட் ரூஸ், இங்கே காலேஜில் படித்த பையன். ஊர் எது தெரியுமா, ரெக்ஸம் பக்கம்! அந்தக் காலத்தில் கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம். இவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடுக்கோடு வரை வந்துவிடுவாராம். இப்படிப்பட்டவர்களால்தான் 1912-இல் பெனால்டி ஏரியாவுக்கு வெளியே கை வைக்கக்கூடாது என்று விதியையே மாற்றினார்கள். 1916-இல், முதல் உலகப் போரின் சோம் சண்டையில் இறந்தார், நினைவுச் சுவரில் பெயரைக்கூடத் தப்பாகச் செதுக்கினார்கள். நீயும் கோல்கீப்பர்தான், உனக்காக ஒரு விதியும் மாறவில்லை, கால் வழியாகப் பந்து போனதற்கு நாங்கள்தான் மாற வேண்டியிருந்தது.

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு உண்மையான கவலை டிவிஷன் இல்லை. ஏறலாம், இறங்கலாம், 2026-27 முதல் மேல் லீக்கில் 16 கிளப் என்று முடிவு, வாய்ப்பு இன்னும் கூடும். சனிக்கிழமை கேட்டில் டிக்கெட் கிழிப்பவர், டீ ஊற்றும் அம்மா, கோடு போடுபவர், டீம் சட்டை துவைப்பவர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. கடற்காற்றில் மழை குறுக்காக அடிக்கும், சில நூறு பேர் நிற்போம், அதில் என்னைவிடச் சின்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். இளசுகள் எல்லாம் லிவர்பூல் சட்டை போட்டுக்கொண்டு வீட்டில் டிவி பார்க்கின்றன. என் மகள் கிளப்பின் சிறுமிகள் டீமில் ஆடுகிறாள், அவள் தோழிகளின் அப்பாக்களில் பாதிப் பேர் மைதானத்தின் உள்ளே வந்ததே இல்லை. பணக்காரன் வந்தால் ஆட்டக்காரனை வாங்குவான். கோடு போட ஆள் வாங்குவானா? பெரியவர் இல்லாமல் போனால் அவர் நிற்கிற இடத்தில் யார் நிற்பது என்று நான் ராத்திரி யோசித்துக்கொண்டிருக்கிறேன், சுமதி "உனக்கு வேற வேலை இல்லையா" என்கிறாள்.

அதனால் கமிட்டியில் சேரச் சொல்லிக் கேட்டார்கள், சரி என்றுவிட்டேன். கணக்கு எழுதும் வேலை. நீ சிரிப்பாய், சிரி. காலேஜ் டூர் கணக்கு எப்படி எழுதினேன் என்று இவர்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே.

ஆகஸ்டில் வருகிறேன் என்றாயே, வருகிறாயா இல்லையா? வந்தால் மாத நடுவில் வா, சீசன் தொடங்கியிருக்கும். மழைக்கோட்டு எடுத்து வா, குடை இங்கே ஐந்து நிமிஷம் தாங்காது. அந்த ரெக்ஸம் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் மைதானம் பார்க் அவென்யூவுக்குள் வந்தால் உன்னை எனக்குத் தெரியாது. பாஸ்கரனிடம் பேசினாயா? அவன் நம்பர் மாறிவிட்டது, புது நம்பரை அனுப்பு, கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கமாட்டேன் என்று அவனிடம் சொல்.

உன்,
கணேசன்