பதினேழுக்கு மேல் போனால் டெல்லியைக் கேட்க வேண்டும்

நீதியரசர் குரியன் ஜோசப் அவர்களுக்கும், ஒன்றிய–மாநில உறவுகளை ஆராயும் உயர்நிலைக் குழுவினருக்கும் வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் குறுவையும், அதை அறுத்த வயலிலேயே அடுத்த போகமாகத் தாளடியும் நெல் போடுகிற விவசாயி நான். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு உங்கள் குழுவை அறிவித்தபோது, எந்த அதிகாரம் ஒன்றியத்துக்கு, எது மாநிலத்துக்கு என்று பிரிக்கும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணை, இருவருக்கும் பொதுவான பொதுப்பட்டியல் என்று நிறையப் பேசினார்கள். அதெல்லாம் என் கண்ணில் படுவது ஓர் இடத்தில்தான்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிற மிஷினில்.

17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. நெல்லை வாங்குவதும் மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் அந்த நெல் ரேஷனுக்காக ஒன்றிய அரசு வைத்திருக்கும் மத்தியத் தொகுப்பில் கணக்காவதால், 17-ஐ 18 ஆக்கக்கூட டெல்லி தலையசைக்க வேண்டும்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, நட்டு, அறுக்கும்போது புரட்டாசி, ஐப்பசி ஆகிவிடும். அப்போதுதான் மழை இறங்கும். நெல்லை ரோட்டில் கொட்டிக் கிளறிக்கொண்டிருப்போம். 22 வரை அனுமதியுங்கள் என்று சென்னையிலிருந்து கடிதம் போகும். டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். 2022 அக்டோபரில் 19 வரை, 2023 பிப்ரவரியில் 20 வரை தளர்த்தினார்கள். சரி, அதுவாவது வந்ததே. ஆனால் உத்தரவு வருகிறவரை நெல் சும்மா இருக்குமா? தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கி முளைத்துவிடும். ஒரு வருடம் என் குவியலே பச்சை பிடித்தது. பாதியை வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிட்டேன்.

டெல்லி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஈரநெல் கிடங்கில் கெடும், அரவையில் நொய் கூடும். ரேஷன் அரிசியை நானும்தான் சாப்பிடுகிறேன். அதனால் 17-ஐ ஒரேயடியாக எடுக்கச் சொல்லவில்லை. மாவட்டத்தில் இத்தனை நாளில் இவ்வளவு மழை பெய்தால் இத்தனை சதவீதம் வரை வாங்கலாம் என்று இரண்டு அரசுகளும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். மழை பெய்த அன்றே கலெக்டர் கையெழுத்துப் போடட்டும். 2022-ல் மேட்டூரை மே மாதமே திறந்ததால், அக்டோபர் 1-க்குப் பதிலாகச் செப்டம்பர் 1 முதலே கொள்முதல் செய்ய டெல்லி ஒத்துக்கொண்டதே. அப்படியென்றால் முடியாத காரியம் இல்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாக்குத் தட்டுப்பாடு, லாரி வராமை, உலர்த்தும் இயந்திரம் போதாமை, இதற்கெல்லாம் டெல்லியின் அனுமதி வேண்டியதில்லை. அதிகாரம் டெல்லியிலிருந்து கிளம்பிச் சென்னையிலேயே தங்கிவிட்டால் எங்கள் களத்துக்கு ஒன்றும் வந்து சேராது. உங்கள் அறிக்கையில் மாவட்டத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
குறுவை அறுத்துக் காயவைத்திருக்கும் ஒரு விவசாயி